பத்து நிமிட முகவரிக்காரர்

பத்து நிமிட முகவரிக்காரர் என்று ஓர் இனம் இருக்கிறது. ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. படித்தவர், பதவியில் இருப்பவர், வரியை ஒழுங்காகக் கட்டுபவர் எல்லாரும் உண்டு. மேலோட்டமாகப் பார்த்தால் உங்களையும் என்னையும் போலத்தான் இருப்பார். பேருந்தில் எழுந்து இடம் கொடுப்பார். பின்னால் வருகிறவருக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஆனால் இணையத்தில் ஏதோ ஒரு படிவத்தில் பெயர் எழுதி, ஊர் எழுதி, 'உங்கள் மின்னஞ்சல் முகவரி' என்று கேட்கிற கட்டம் வந்ததோ இல்லையோ, அந்த முகத்தைப் பாருங்கள். கண் இடுங்கும். உதடு ஒரு பக்கமாகக் கோணும். சுற்றும்முற்றும் ஒரு பார்வை. பிறகு, விவரம் தெரிந்த நாளிலிருந்து பொய்யே சொல்லாத அந்த மனிதர், கொஞ்சமும் கூசாமல் ஒரு பொய்யைத் தட்டிவிட்டு, நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொள்வார்.

எல்லாரும் ஒரே நாளில் இந்த நிலையை எட்டிவிடுவதில்லை. தொடக்கத்தில் ஏதாவது நாலு எழுத்தைத் தட்டி, நடுவில் ஒரு @ குறி போட்டு, 'போதும் போ' என்று விடுவார்கள். அப்புறம் குப்பை முகவரி என்று ஒன்றை உண்டாக்கி, வேண்டாத இடத்துக்கெல்லாம் அதையே கொடுத்து, கடைசியில் அதன் கடவுச்சொல்லைத் தொலைத்துவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். இவர்களெல்லாம் கற்றுக்குட்டிகள். முற்றிய ஆள் எங்கே போகிறார் தெரியுமா? இணையத்தில் சில பக்கங்கள் இருக்கின்றன. திறந்த உடனே உங்களுக்கு ஒரு முகவரி தரும். அதற்கு வருகிற மெயில் அந்தப் பக்கத்திலேயே தெரியும். மேலே ஒரு கடிகாரம் ஓடும். பத்து நிமிடம் ஆனதும் முகவரியும் போச்சு, மெயிலும் போச்சு, அப்படி ஒருவர் இருந்ததற்கே அடையாளம் இருக்காது.

இதில் வேடிக்கை என்ன என்றால், இவருக்கு ரோஷம் அதிகம். 'உங்கள் முகவரிக்கு ஒரு மெயில் அனுப்பியிருக்கிறோம், அதிலுள்ள இணைப்பை அழுத்தி உறுதி செய்யுங்கள்' என்று ஏதாவது ஒரு தளம் சொல்லிவிட்டால் போதும், கொதித்துப்போவார். "பாத்தியா, என்னை நம்பமாட்டேங்கறான்" என்பார். எழுதினது பொய் முகவரி. அதை நம்பவில்லை என்று கோபம். இந்த மாதிரி ஆளோடு என்ன பேசுவீர்கள்?

நான் பதினாறு வருஷமாகப் பேசிக்கொண்டிருக்கிறேன். ஓடென்ஸ நகரத்தில் ஜன்னல் செய்கிற ஒரு கம்பெனியில் எனக்கு எதிர் மேசை ஐவின் ஸ்கோருப்புக்கு. ஜன்னல்களுக்கு வரைபடம் போடுகிறவர். ஒரு மில்லிமீட்டர் தப்பினால் முழுப் படத்தையும் கிழித்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து போடுவார். விடிகாலை ஐந்தரை மணிக்கு, கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு சைக்கிள்கூட இல்லாத தெருவில், கொட்டுகிற மழையில், சிவப்பு விளக்கு பச்சையாகும்வரை காத்து நிற்கிற மனுஷர். வெள்ளிக்கிழமை காலை அலுவலகத்துக்கு ரொட்டி வாங்கி வருகிற முறை அவருடையதாக இருந்தால், ஆளுக்கு இரண்டு ரொட்டி என்று எண்ணி, யாருக்கு எள் வேண்டும், யாருக்குக் கசகசா வேண்டும் என்று முதல் நாளே எழுதி வைத்துக்கொள்வார். அப்பேர்ப்பட்டவர் பொய் சொல்வது அந்த ஒரு கட்டத்தில் மட்டும்தான்.

மதியச் சாப்பாட்டின்போது கேட்டுப்பார்ப்பேன். கறுப்பு ரொட்டிமேல் ஈரல் விழுதைத் தடவிக்கொண்டே விளக்கம் சொல்வார்.

"என் முகவரி அவனுக்கு எதுக்கு, மோவென்ஸ்? குடை வாங்கினேன். மழை வந்தா விரிக்கப்போறேன். இதுல அவனுக்கு என்ன மெயில் போட வேண்டியிருக்கு?"

"ஏதாவது முக்கியமான சமாசாரமா இருந்தா என்னப்பா பண்ணுவே?"

"முக்கியமானதெல்லாம் அரசாங்கப் பெட்டிக்கு வந்துடும். வரி, ஆஸ்பத்திரி, பென்ஷன், எல்லாம் அதுல. மிச்சம் உலகத்துல வர்ற மெயில் பூரா விளம்பரம்."

இதை அவர் மறைநூல் வாசகம் மாதிரி சொல்வார். எங்கள் ஊரில் நிறையப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆளுக்கொரு அரசாங்க மின்னஞ்சல் பெட்டி இருக்கிறது, அதில் வராதது ஒன்றும் வாழ்க்கையில் இல்லை என்று. நான் மேற்கொண்டு வாதாடுவதில்லை. மேசைக்கு அடியில் காலை நீட்டப் பார்ப்பேன். என் பாதம் கொஞ்சம் நீளம். ஐவின் அதைப் 'படகு' என்பார்.

ஆனால் ஒன்று, அவர் பிறவியிலேயே இப்படி இல்லை. நாலு வருஷத்துக்கு முன்புவரை அவருக்கு ஒழுங்கான முகவரி இருந்தது. ஐவின் ஸ்கோருப் என்று முழுப்பெயரிலேயே, எவரும் ஒருமுறை கேட்டால் மறக்காத மாதிரி. அப்போதுதான் அந்த அக்கிரமம் தொடங்கியது. ஒரு நாள் குதிரைத் தீவனக் கடையிலிருந்து மெயில் வந்தது. ஐவினிடம் குதிரை கிடையாது, குதிரையைக் கண்டால் பயம் வேறு. மறுநாள் தாடி எண்ணெய். இவருக்கு மீசைகூட இல்லை. பிறகு புகைபோட்ட விலாங்கு மீன், நடனப் பள்ளி, நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான பாய்மரப் படகுப் பயிற்சி, குதிரைக்குக் குளிர்காலப் போர்வை. காலையில் பெட்டியைத் திறந்தால் நூறு. மாலையில் நூற்றைம்பது. "எவனோ என் முகவரியை வித்துட்டான்" என்று அலுவலகம் முழுக்கப் புலம்பினார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து காபி வாங்கிக் கொடுத்து, காலம் கெட்டுப்போச்சு என்று ஆறுதல் சொன்னேன். அன்றைக்குத்தான் அந்தப் பெட்டியை மூடிவிட்டு, பத்து நிமிட முகவரிக்கு மாறினார். மூன்று வருஷத்துக்கு மேல் அதைத் திறக்கவே இல்லை.

இதனால் சேதாரம் இல்லாமலா? பாத்திரம் கழுவும் இயந்திரம் வாங்கினார்கள். எந்த நாள், எத்தனை மணிக்குக் கொண்டுவருவோம் என்று கடைக்காரர்கள் மெயில் போட்டார்கள், செத்துப்போன முகவரிக்கு. வண்டி வந்து மணி அடித்துவிட்டுத் திரும்பிப் போனது. மூன்று தடவை. நாலாவது தடவை இயந்திரம் ஹோர்சென்ஸில் இருக்கிற கிடங்குக்கே திரும்பிவிட்டது. ஆறு வாரம் ஐவின் கையால் பாத்திரம் கழுவினார். அவருடைய மனைவி சோல்வை துடைக்கவும் வரவில்லை. "பத்து நிமிஷத்துல கழுவிடு, அதானே உன் கணக்கு" என்றாளாம்.

இந்த சோல்வையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருப்பவள். அதிகம் பேசமாட்டாள். அவளுக்கு வாழ்க்கையில் ஒரே ஆசை, தோட்டம். மூன்றாவது மாடி வீட்டில் இருக்கிறவள், பிப்ரவரியிலேயே தயிர் டப்பாக்களில் தக்காளி விதை போட்டு, ஜன்னல் மேடை முழுக்க அடுக்கி, ஏப்ரலில் வைக்க இடமில்லாமல் அக்கம்பக்கத்துக்குத் தானம் செய்கிறவள். ஒற்றைச் சக்கர மண்வண்டி ஒன்று வாங்கி அடித்தளத்தில் நிறுத்தி வைத்திருக்கிறாள். அதன் சக்கரம் இதுவரை மண்ணைத் தொட்டதில்லை.

ஊருக்கு வெளியே ரபார்பர்லி தோட்டச் சங்கம் இருக்கிறது. அறுபத்தெட்டுத் துண்டு நிலம், ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன மரவீடு, ஒரு கொடிக்கம்பம், சுற்றிலும் வேலி. கோடை முழுக்க அங்கேயே கிடக்கலாம். ஒரு துண்டு காலியாவதற்கு, யாராவது சாக வேண்டும் அல்லது முழங்கால் போக வேண்டும். பதினொரு வருஷத்துக்கு முன்னால், சங்கத்தின் திறந்த நாளன்று, காத்திருப்போர் புத்தகத்தில் இருவரும் பெயர் எழுதினார்கள். முதலில் ஐவின், அடுத்த வரியில் சோல்வை. ஒரு வீட்டுக்கு ஒரு தோட்டம்தான் கிடைக்கும், ஆனால் பெயர் எத்தனை வேண்டுமானாலும் எழுதலாம். பதினொரு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளில் போய் வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வருவார்கள். நாற்பத்து மூன்றாம் எண்ணில் பச்சை வீடும் ஒரு பேரிக்காய் மரமும். சோல்வை அந்த மரத்தைப் பார்க்கிற மாதிரி தன்னை ஒரு நாளும் பார்த்ததில்லை என்பார் ஐவின்.

போன வருஷம் புத்தகம் போய் இணையம் வந்தது. செய்தவள் சங்கத்தின் செயலாளர் மெரேட். வேலி எத்தனை உயரம் என்று கையில் குச்சியோடு அளந்து திரிகிற அம்மாள். இரண்டு விரல்கடை கூடினாலும் கடிதம் வரும். அவள் எல்லாருக்கும் தாளில் அறிவிப்பு அனுப்பினாள்: காத்திருப்போர் ஒவ்வொருவரும் தளத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும், மின்னஞ்சல் தர வேண்டும், வருகிற இணைப்பை அழுத்தி உறுதி செய்ய வேண்டும். இனிமேல் எல்லாச் சேதியும் அந்த முகவரிக்குத்தான். தோட்டம் காலியானால் மெயில் வரும். ஏழு நாளில் பதில் போடாவிட்டால் பெயர் அடிக்கப்படும்.

ஐவின் பதிவு செய்ததை நான் கண்ணால் பார்த்தேன். வெள்ளிக்கிழமை, சாப்பாட்டு நேரம். ஒரு கையில் ரொட்டி, மறு கையில் சுட்டெலி. பெயர், தெரு, தொலைபேசி எல்லாம் சரியாக எழுதினார். கட்டம் வந்தது. கண் இடுங்கியது.

"ஐவின், இது சோல்வையோட தோட்டம்பா."

"தெரியும்."

"பத்து வருஷம்பா."

"அதுக்காக? மெரேட் கையில என் முகவரி போனா என்ன ஆகும்? வேலி வெட்டற கத்தி விக்கறவன், உரம் விக்கறவன், கோழி விக்கறவன் எல்லாத்துக்கும் போயிடும். சங்கம்தானே இது, அரசாங்கமா?"

பத்து நிமிடக் கடிகாரத்தைத் திறந்தார். முகவரி வந்தது, ஏதோ எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு கொத்து. அதை வெட்டி ஒட்டினார். ஆறு நிமிடம் மிச்சம் இருக்கும்போதே மெரேட்டின் மெயில் வந்துவிட்டது. அழுத்தினார். பச்சை நிறத்தில் ஒரு சரி குறி. 'நன்றி, ஐவின் ஸ்கோருப். உங்கள் முகவரி உறுதி செய்யப்பட்டது.' மிச்சமிருந்த நேரத்தில் சோல்வைக்குப் போன் செய்தார்.

"பதிஞ்சாச்சு. உறுதியே பண்ணியாச்சு. நீ தனியா பதிய வேண்டாம், என் பேர் ஒண்ணு போதும்."

அந்தப் பக்கம் சோல்வை "சரி" என்றாள். அந்தச் சரியை அவர் சரி என்றே எடுத்துக்கொண்டார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம் ஆன ஒரு மனுஷன் அப்படி எடுத்துக்கொள்ளலாமா?

இந்த வருஷம் மே மாதம் நாற்பத்து மூன்றாம் எண்காரருக்கு முழங்கால் போய்விட்டது. மெரேட் பட்டியலைப் பார்த்தாள். முதல் பெயர் ஐவின் ஸ்கோருப். முகவரி உறுதி செய்யப்பட்டது. மெயில் போனது. ஒரு வருஷத்துக்கு முன்னால் பத்து நிமிடம் வாழ்ந்து மறைந்த அந்த முகவரிக்கு. ஐவின் அந்த ஏழு நாளும் என் எதிரில் உட்கார்ந்து ஜன்னல் வரைந்துகொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் இருவரும் சைக்கிளில் போனார்கள். நாற்பத்து மூன்றின் கொடிக்கம்பம் வெறுமனே நின்றது, ஜன்னலில் திரை இல்லை. ஐவின் அந்தப் பக்கம் குச்சியோடு வந்த மெரேட்டை மடக்கினார். நடந்ததை அவரும் சொன்னார், சோல்வையும் சொன்னாள். இரண்டையும் சேர்த்துச் சொல்கிறேன்.

"மெரேட், நாப்பத்து மூணு காலியா இருக்கே. முதல் பேர் என்னோடதுதானே?"

"இருந்தது. மெயில் போட்டேன். ஏழு நாள் பாத்தேன். பதில் வரல. அடிச்சுட்டேன்."

"எனக்கு மெயிலே வரலியே."

"உங்க முகவரியை நீங்கதான் உறுதி பண்ணீங்க. போன வருஷம் ஏப்ரல் மூணாம் தேதி, மதியம் பன்னெண்டு இருபத்தொண்ணுக்கு. எங்கிட்ட பதிவு இருக்கு."

"அது... அந்த முகவரி இப்ப இல்ல."

"ஏன்? ஊரை விட்டுப் போயிடுச்சா?"

ஐவின் உண்மையைச் சொன்னார். சொல்லத்தானே வேண்டும். குதிரைத் தீவனத்திலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் கொட்டினார். மெரேட் குச்சியை ஊன்றிக்கொண்டு கேட்டாள். கேட்டு முடித்துவிட்டு ஒன்று சொன்னாள்.

"அந்தக் குதிரைத் தீவனக்காரன் உங்களை ஒரு தடவையாவது உறுதி பண்ணச் சொல்லிக் கேட்டானா?"

"இல்ல."

"கேட்டிருந்தா இத்தனையும் நடந்திருக்காது. எவனோ உங்க முகவரியைக் கொடுத்திருக்கான். உறுதி பண்ணுங்கன்னு ஒரு மெயில் வந்திருந்தா, நீங்க அழுத்தாம விட்டிருப்பீங்க, அதோட முடிஞ்சிருக்கும். நாங்க கேக்கறது அதுக்குத்தான். உங்க மேல சந்தேகப்பட்டு இல்ல."

ஐவின் மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார். வேலியோரம் சைக்கிளில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு சோல்வை ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கோபமும் இல்லை, கண்ணீரும் இல்லை. அதுதான் அவருக்கு இன்னும் பயமாக இருந்ததாம்.

"சோல்வை, தோட்டம் போச்சு."

"உனக்குத்தான் போச்சு" என்றாள். மிச்ச ஐஸ்கிரீமை முடித்து, விரலைத் துடைத்துக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்தாள். பட்டியலில் இரண்டாவது பெயர் அவளுடையது. போன வருஷம் அவர் போன் செய்த அன்றைக்கே, வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், தன் நிஜ முகவரியைக் கொடுத்துப் பதிந்து, உறுதியும் செய்திருந்தாள். வெள்ளிக்கிழமை காலை மெயில் வந்தது. இரண்டு நிமிடத்தில் பதில் போட்டுவிட்டாள். மறுநாள் சனிக்கிழமை, முடி வெட்டிக்கொள்ளப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய் சாவி வாங்கிக்கொண்டு வந்தவளிடம், முடி வெட்டின மாதிரியே தெரியலையே என்று இவர் கேட்கவும் இல்லை.

அப்பாடா, கதை சுபம் என்று நீங்கள் எழுந்துவிடாதீர்கள். தோட்டம் சோல்வையின் பெயரில். வெளி வாசலில் எண் பூட்டு. அந்த எண்ணை மாதாமாதம் மாற்றி, உறுதி செய்யப்பட்ட முகவரிகளுக்கு மட்டும் மெரேட் அனுப்புவாள். வாய்வழியாக ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளக் கூடாது என்பது விதி. கணவனுக்கும் சேர்த்துத்தான். ஐவின் உள்ளே வரவேண்டுமானால் துணை உறுப்பினராகப் பதிய வேண்டும்.

"என் காதுல மட்டும் சொல்லிடேன், நாலு எண்தானே" என்று கெஞ்சினார்.

"விதின்னா விதிதானே, ஐவின். ஒருத்தரும் இல்லாத தெருவுல சிவப்பு விளக்குக்கு நிக்கறவன்தானே நீ?"

அவர் பத்து நிமிட முகவரியோடு பதியப் பார்த்தார். மெரேட் அதற்குள் அந்த மாதிரிப் பக்கங்களின் பட்டியலை எடுத்துத் தளத்தில் தடை போட்டிருந்தாள். 'இந்த முகவரி ஏற்கப்படாது' என்று சிவப்பில் வந்தது. ஆக மூன்று சனிக்கிழமைகள் ஐவின் கையில் கேக் டப்பாவோடு வாசலுக்கு வெளியே நின்றார். உள்ளே கடைசி வரிசையில் சோல்வை புல் வெட்டும் இயந்திரம் ஓட்டிக்கொண்டிருப்பாள், போன் மணி அவளுக்குக் கேட்காது. போகிற வருகிறவர்கள் எல்லாம் "வணக்கம் ஐவின்" என்று சொல்லிவிட்டு, எண்ணைக் கையால் மறைத்து அழுத்திக்கொண்டு உள்ளே போவார்கள். மூன்றாவது சனிக்கிழமை மழை. கேக் ஊறிவிட்டது. மண்வண்டி முதன்முதலாக மண் சுமந்து போனதை அவர் கம்பிக்கு வெளியிலிருந்து பார்த்தார். அதை அவர் சொன்னபோது எனக்கும் என்னவோபோல் ஆகிவிட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை, ரொட்டி தின்று முடித்ததும், ஐவின் என் எதிரில் உட்கார்ந்து தன் நிஜ முகவரியைத் தட்டினார். சட்டை கழற்றி ஊசி போட்டுக்கொள்கிற ஆள் மாதிரி முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு தட்டினார். உறுதி மெயில் வரவேண்டும். வரவில்லை. மறுபடி கேட்டார். அதுவும் வரவில்லை. மெரேட்டின் தளம் சிவப்பில் சொன்னது: உங்கள் பெட்டி மெயிலை ஏற்க மறுக்கிறது, இன்னும் ஒரே ஒரு முயற்சி, அதுவும் தவறினால் அடுத்த மார்ச் மாதப் பொதுக்கூட்டத்தில் விண்ணப்பிக்கவும்.

மார்ச் என்றால் ஒரு கோடை முழுக்க வாசலில் நிற்க வேண்டும். ஐவின் மூன்று வருஷமாகத் திறக்காத பெட்டியைத் திறந்தார். நிரம்பி வழிந்தது. பதினாலாயிரத்துச் சொச்சம். இனி ஒரு மெயிலுக்கும் இடம் கிடையாது.

"மோவென்ஸ், நீயும் வா. ரெண்டு பேருமா அழிச்சாத்தான் ஆகும்."

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் படிப்பார், நான் அழிப்பேன். குதிரைத் தீவனம், ஆயிரத்து இருநூறு. குதிரைப் போர்வை, எழுநூறு. தாடி எண்ணெய். விலாங்கு மீன். நான் மடமடவென்று அழித்துக்கொண்டே போனேன். எதைத் தேடினால் கொத்தாகச் சிக்கும் என்று எனக்கு எப்படியோ தெரிந்திருந்தது. ஐவின் அதைப் பாராட்டினார். "உனக்கு இதுல நல்ல கை வருதுப்பா" என்றார். எனக்கு வியர்த்தது.

பாதியில் ஒன்றைத் திறந்து உரக்கப் படித்தார்.

"'அன்புள்ள ஐவின், நீங்கள் கேட்டிருந்த நாற்பத்தேழாம் அளவு பழுப்பு நிறக் காலணி கடைக்கு வந்துவிட்டது.' நாப்பத்தேழா? என் காலு நாப்பத்தொண்ணு."

 ஐவின் திரையைப் பார்த்தார். தாடியைத் தடவிக்கொண்டிருந்த என் கையைப் பார்த்தார். பக்கத்தில் சுவரில் நான் மாட்டியிருக்கிற, குதிரைமேல் உட்கார்ந்திருக்கும் என் மகளின் படத்தைப் பார்த்தார். கடைசியாகக் குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தார். நான் காலை உள்ளே இழுத்துக்கொள்ளப் பார்த்தேன். அந்த அளவுக் காலை எங்கே இழுப்பது?

என் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள். குதிரைத் தீவனக் கடையில் பணம் செலுத்துகிற இடத்தில் அந்தப் பெண் "மெயில் ஐடி சொல்லுங்க" என்று கேட்டாள். பின்னால் ஆறு பேர் நிற்கிறார்கள். என்னுடையதைக் கொடுக்க எனக்குப் பைத்தியமா? பொய்யாக ஒன்றைக் கட்டிச் சொல்ல எனக்கு மனசு வராது. நிஜமான முகவரிதான் சொன்னேன். வாயில் அதுதான் வந்தது. அப்புறம் பழகிவிட்டது.

 மிச்ச நாலாயிரத்தையும் நானே அழித்தேன். மூன்றாவது முயற்சியில் மெரேட்டின் மெயில் வந்தது. அவர் அழுத்தினார், பச்சைக் குறி வந்தது, கூடவே வாசல் எண்ணும் வந்தது. அதை ஒரு தாளில் எழுதி, என் பக்கம் தெரியாமல் கையால் மறைத்து, மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் சனிக்கிழமை நாற்பத்து மூன்றாம் எண்ணில் கொடி ஏறியது. பேரிக்காய் மரத்தடியில் இரண்டு நாற்காலி போட்டிருந்ததாகச் சோல்வை சொன்னாள்.

அதிலிருந்து ஐவின் அந்த ஒரு கட்டத்திலும் பொய் சொல்வதை விட்டுவிட்டார். எங்கே கேட்டாலும் கண் இடுங்காமல், உதடு கோணாமல், நிஜமான முகவரியையே கொடுக்கிறார். என்னுடையதை. இன்று காலை மட்டும் எனக்கு இருபத்தாறு மெயில்: தேனீ வளர்ப்பு, அக்கார்டியன் வகுப்பு, வேலி வெட்டும் கத்தி, வழுக்கைக்கு வைத்தியம். அனுப்பியவர்களில் ஒன்பது பேர்தான் நல்ல பிள்ளைகளாக, 'இது நீங்கள்தானா, உறுதி செய்யுங்கள்' என்று கேட்டிருந்தார்கள். அவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

சரி, நீங்கள் இவ்வளவு நேரம் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். நல்லது. போன வாரம் அந்தக் கடையில், பின்னால் வரிசை நிற்க, ஒரு பெண் கேட்டாளே, அப்போது சட்டென்று உங்கள் வாயில் வந்தது யாருடைய முகவரி? அவரும் இதைப் படித்துக்கொண்டிருக்கலாம். கொஞ்சம் காலை உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளுங்கள்.